நாலாம் வார்டுக்காரர்கள்

நாலாம் வார்டின் சம்மதம் இல்லாமல் நகர சாசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்று வக்கீல் படித்துச் சொன்னபோது, வெர்லின் ஹாகனின் வாயில் பாதி டோனட் இருந்தது. மீதிப் பாதியை அவன் தட்டிலேயே வைத்துவிட்டான்.

நாலாம் வார்டு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

"எல்லா வார்டுலயும் தனித்தனியா பாதிக்கு மேல 'ஆம்'னு விழணும்," என்றார் வக்கீல் வோகல். "ஒரு வார்டு குறைஞ்சாலும் செல்லாது. போன தடவை நீதிபதி அதைச் சொல்லித்தான் தூக்கிக் கடாசிட்டார்."

"அங்க மீன்தானே இருக்கு?" என்றார் மேயர் மார்லிஸ்.

"மீனுக்கு ஓட்டு இல்லைங்க மேயரம்மா."

"அப்ப நாலாம் வார்டையே எடுத்துடுவோம். மூணு வார்டு போதும் இந்த ஊருக்கு."

"எடுக்கறதும் திருத்தம்தான். அதுக்கும் நாலாம் வார்டு சம்மதிக்கணும்."

சாசனக் குழுவில் இருந்த எல்லோரும் காப்பியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆல்டர் ஃபால்ஸில் சங்கடமான நேரங்களில் காப்பியைப் பார்ப்பதுதான் வழக்கம்.

அணை கட்டியது வெர்லின் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. ஊருக்கு மின்சாரம் வந்தது. பள்ளத்தில் இருந்த வார்டில் தண்ணீர் நிறைந்தது. அங்கே குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மினசோட்டாவில் அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

வெர்லின் சாசனக் குழுவின் தற்காலிகச் செயலாளன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். அதன்பிறகு நாய்த்தீனி ஆலையில் இரவு வேலை. இரவு வேலை பார்க்கிறவனுக்குப் பகலில் தூக்கம் வராது, இரவில் விழிப்பும் வராது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக அவன் பல வருடம் நடமாடினான். எத்தனை குளித்தாலும் கொழுப்பு வாடை போகாது. தெருநாய்கள் அவனை மட்டும் பாசத்தோடு பார்க்கும். புதிய சாசனம் நிறைவேறினால் நிரந்தரச் செயலாளர் பதவி ஒன்று வரும், அது அவனுக்குத்தான் என்று மேயர் வாக்குக் கொடுத்திருந்தார். தோற்றால் குழு கலைந்துவிடும். அவன் மறுபடி ஆலைக்குப் போகவேண்டும்.

மேயர் காப்பியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"வெர்லின், உனக்குக் கல்யாணம் ஆகலைதானே?"

"இல்லைங்க."

"தண்ணின்னா பயமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்தானே," என்றார் மேயர்.

அந்த வாரமே வெர்லின் ரொட்டிக் கடை மாடியிலிருந்த தன் அறையைப் பூட்டிவிட்டு, நீர்த்தேக்கத்தின் நடுவில் நங்கூரமிட்ட ஒரு பழைய படகுவீட்டில் குடியேறினான். வார்டை எடுத்துவிடும் வரியும் புதிய சாசனத்தில் ஏறியது. நாலாம் வார்டின் ஒரே வாக்காளன் அவன். 'ஆம்' என்று ஒரு ஓட்டு, நூற்றுக்கு நூறு. வக்கீல் கை குலுக்கினார்.

முதல் நாள் காலை கதவைத் திறந்தான். தண்ணீர் மேல் மூடுபனி. படகின் முன்தளம் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நடுவில் மட்டும் வட்டமாக உருகியிருந்தது. அந்த வட்டத்தில் ஒரு பீங்கான் பாத்திரம், மேலே ஈரத்துணி.

துணியை விலக்கினான். ஆவி வந்தது. காட்டரிசியும் காளானும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ்.

புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஹாட்டிஷ் கொண்டுபோய்க் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். யாரோ ஊரிலிருந்து படகில் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். நன்றாக இருந்தது. இடையிடையே பச்சையாக நீளமாக ஏதோ அகப்பட்டது. கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவைத்துவிட்டு முழுவதும் தின்று தீர்த்தான்.

வக்கீல் மறுநாள் கரையிலிருந்து கத்தினார்.

"ஒரு சிக்கல் வெர்லின்! ஓட்டு ரகசியமா இருக்கணும். ஒரே ஆள் போட்டா யார் என்ன போட்டாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். செல்லாது!"

"அதுக்கு?"

"இன்னொருத்தர் வேணும்!"

நவம்பர் குளிரில் தண்ணீர் மேல் வந்து குடியிருக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான் சம்மதித்தாள். டோரீன். மீன் பிடிப்பவள். சொந்தமாகப் படகுவீடு வைத்திருந்தாள். மேயருக்கும் அவளுக்கும் பள்ளி நாளிலிருந்து ஆகாது. அவள் வெர்லினின் படகுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சாவகாசமாகச் சுருட்டுப் பற்றவைத்தாள்.

"நான் 'இல்லை'ன்னு போடப்போறேன்," என்றாள்.

"அக்கா, அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடுமே! பாதிக்கு மேல வேணும்!"

"கணக்கு எனக்கும் தெரியும். மார்லிஸ் மூஞ்சியை நான் பார்க்கணும்."

"மேயர் மூஞ்சி கெடக்கட்டும். நான் நாய்த்தீனி ஆலைக்குப் போகணும்க்கா."

"நாய்ங்க உன் மேல எவ்வளவு பிரியமா இருக்கு, போயேன்."

அவன் கெஞ்சினான். அவள் யோசித்தாள். அவளுக்கும் ஒரு குறை இருந்தது. குளிர்காலத்தில் படகை ஊர்த்துறையில் கட்ட நகராட்சி விடுவதில்லை. இது நாலாம் வார்டுப் படகு, துறை ஒண்ணாம் வார்டு என்று விரட்டுவார்கள்.

"வார்டை எடுத்துட்டா நான் எந்த வார்டு?" என்று கேட்டாள். "அதுக்கு உங்க சாசனத்துல ஒரு வரி உண்டா?"

இல்லை. வெர்லின் அன்றைக்கே கரைக்குப் போய் வக்கீலோடு உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தான். *நாலாம் வார்டில் குடியிருப்போர் அனைவரும் இனி ஒன்றாம் வார்டின் குடிகள். அவர்கள் வந்து தங்க நகரம் இடம் மறுக்கலாகாது.* தேர்தலுக்குப் போகும் கடைசி வடிவத்தில் அது ஏறிவிட்டது. வக்கீல் அழகான வரி என்றார்.

டோரீன் அதைக் கேட்டுவிட்டு, "யோசிக்கிறேன்," என்றாள்.

"சேர்த்தா 'ஆம்'னு போடறேன்னீங்களே!"

"யோசிக்கிறேன்னுதான்டா சொன்னேன்."

மறுநாள் காலை இன்னொரு பாத்திரம். மீனும் பாலும் சேர்த்தது. சூடு கையைச் சுட்டது. வெர்லின் அதைத் தூக்கிக்கொண்டு டோரீனின் படகுக்குத் தாவினான்.

"ரொம்ப நன்றிக்கா. மறுபடியும் எதுக்கு?"

டோரீன் எட்டிப் பார்த்தாள். "நானா? நான் சமைச்சா என் நாயே மூஞ்சியைத் திருப்பிக்கும்."

"அப்ப யாரு? ராத்திரி எந்தப் படகும் வரலையே?"

"பாத்திரத்தைத் திருப்பிப் பாரு. பேரு ஒட்டியிருப்பாங்க."

ஹாட்டிஷ் பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்துண்டில் பெயர் எழுதி ஒட்டுவார்கள், திரும்பி வருவதற்காக. இதில் ஒட்டவில்லை. பீங்கானிலேயே ஆணியால் கீறியிருந்தது. *ஐடா ப்ரெக்கி.*

டோரீன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"ப்ரெக்கி வீடு மர ஆலைத் தெருவுல இருந்துச்சு. எங்கப்பா சொல்லுவாரு. கிளம்பமாட்டேன்னு சொன்ன வீடுகள்ல அதுவும் ஒண்ணு."

"மர ஆலைத் தெரு எங்க இருக்கு?"

டோரீன் கீழே பார்த்தாள். வெர்லினும் பார்த்தான். பழுப்புத் தண்ணீர். எதுவும் தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"முந்தாநேத்து பாத்திரத்தை முழுசா."

"அப்ப பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கணும். வெறுமனே கொடுக்காதே. ஏதாவது போட்டுக் கொடு."

"யார்கிட்டக்கா கொடுக்கறது?"

டோரீன் நங்கூரத்தை இழுக்க ஆரம்பித்தாள். பாதி இழுத்தபிறகு நிறுத்தி, மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். இப்போது போனால் மார்லிஸ் சிரிப்பாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

வெர்லின் மேயரிடம் ஓடினான். வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் சொன்னான். மேயர் பேனாவை எடுத்தார்.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"மேயரம்மா, அவங்க செத்தவங்க!"

"வோகல், சாவு எதாவது பதிவாகியிருக்கா?"

வக்கீல் தலையாட்டினார். "இல்லை. போய்ட்டாங்கன்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப போய்ட்டாங்க, அவ்வளவுதான். திரும்பி வந்திருக்காங்க போல. குடியிருக்கறவங்க எல்லாம் வாக்காளர்தான்." மேயர் பேனாவை மூடினார். "ஆதரவா எதிர்ப்பா?"

"அவங்க வார்டையே அழிக்கப்போறோம். எதிர்ப்பாத்தானே இருப்பாங்க?"

"அப்ப போய்ப் பேசு. தேர்தல்னா வீடு வீடா போகத்தான் வேணும்."

அந்த வாரம் முழுக்க வெர்லின் படகின் ஓரத்தில் முழங்காலிட்டு, ஒலிபெருக்கியைத் தண்ணீரை நோக்கிப் பிடித்துக்கொண்டு சாசனத் திருத்தத்தைப் படித்தான். ஆலையில் இரவுகளில் இயந்திரத்திடம் பேசிப் பழகியிருந்தான். இயந்திரம் சத்தமாவது போடும்.

"ஐயா, அம்மா, பெரியவங்களே," என்றான். "இது உங்களுக்கு எதிரானது இல்லை. நிர்வாக வசதிக்குத்தான்."

தண்ணீர் சும்மா கிடந்தது.

நிதிக் குழு பற்றிய பகுதியைப் படித்தான். பதவிக்காலம் பற்றிய பகுதியைப் படித்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு டோரீனுக்காகச் சேர்த்த வரியைப் படித்தான். *அவர்கள் வந்து தங்க நகரம் இடம் மறுக்கலாகாது.*

அலை நின்றது. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. டோரீனின் படகில் கொடி பறந்தது. ஆனால் படகைச் சுற்றித் தண்ணீர் மட்டும் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் நின்றது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

"அந்த வரியை இன்னொரு தடவை படி," என்றாள் டோரீன், தன் படகிலிருந்து. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"எதுக்குக்கா?"

"தெரியலை. படின்னு தோணுச்சு."

படித்தான். பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

மறுநாள் முன்தளத்தில் கால் வைக்க இடமில்லை. பாத்திரங்கள். பீங்கான், இரும்பு, எனாமல். கூரைமேல்கூட இரண்டு. எல்லாம் சூடு. உருளைக்கிழங்கு, பீன்ஸ், பன்றிக்கறி, ஆப்பிள், ஊறுகாய்ப் புட்டிகள், பழச்சாறு. ஒரு வீட்டின் அலமாரியைக் கவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து மரக்கட்டை எரியும் புகை வாசம் வந்தது. கரையில் எங்கும் புகை இல்லை.

ஆல்டர் ஃபால்ஸில் ஒரு வீட்டுக்கு இத்தனை ஹாட்டிஷ் ஒரே நாளில் வருவதென்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும்.

"யாரு சாகப்போறா?" என்று டோரீனிடம் கேட்டான்.

"உன் படகுலதானே வச்சிருக்காங்க," என்றாள் அவள், ஆறுதலாக.

அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. கொட்டினால் கீழேதானே போகும், அவர்கள் பார்ப்பார்கள். சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டான். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு விலகி நின்றன. பாத்திரங்களைக் கழுவித் துடைத்து நகர மன்றத்தின் முன்கூடத்தில் அடுக்கினான். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

தேர்தல் நாள். வாக்குச்சாவடி வார்டுக்குள்தான் இருக்கவேண்டும் என்று வக்கீல் கண்டுபிடித்ததால், இரண்டு படகுகளுக்கும் கொஞ்ச தூரத்தில் ஒரு மிதவை கட்டி, அதில் ஒரு மறைப்பும் மேசையும் போட்டிருந்தார்கள். மேசையில் ஹேஸல் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரில் எந்தத் தேர்தலென்றாலும் மேசைக்குப் பின்னால் ஹேஸல்தான். மடியில் கம்பளி, பக்கத்தில் ஃப்ளாஸ்க், ஓட்டுப் போட்டவர்கள் சட்டையில் ஒட்டிக்கொள்ள 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று எழுதிய சிவப்பு வில்லைகளின் சுருள்.

வெர்லின் காலையில் முதல் ஆளாகப் போட்டான். டோரீன் போட்டாள். என்ன போட்டாள் என்று சொல்லவில்லை. சிரித்தாள். இருவரும் தங்கள் படகுகளுக்குத் திரும்பினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் சாவடியில் நிற்கக்கூடாது.

மூடுபனி இறங்கி மிதவையை மூடியது. சற்று நேரம் கழித்து அதற்குள்ளிருந்து ஹேஸலின் குரல் வந்தது.

"வெர்லின்! இருக்கியா தம்பி?"

"இருக்கேன்!"

"இங்க ஐடா ப்ரெக்கின்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. அட்டை ஒண்ணும் இல்லை. இந்த வார்டுலதான் குடியிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சத்தியம் பண்ணா இன்னிக்கே பதிஞ்சு ஓட்டுப் போடலாம். உன் பக்கத்து வீடுங்கறாங்க. தெரியுமா?"

தெரியாது என்று கத்தினால் போதும். ஒரு சொல். டோரீன் 'ஆம்' போட்டிருந்தால் வேலை நிரந்தரம், இரவில் தூக்கம், கொழுப்பு வாடை இல்லை.

ஆனால் அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறான். பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருவர் ஹாட்டிஷைத் தின்றுவிட்டு, அவரை எனக்குத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல மினசோட்டாவில் இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"தெரியும்," என்றான். அது போதாதென்று தோன்றியது. "ரொம்ப நல்லா சமைப்பாங்க."

"நல்லது. கூட வந்திருக்கறவங்களும் உன் அக்கம்பக்கம்தானா?"

எத்தனை பேர் என்று கேட்க அவன் வாயைத் திறந்தான். ஊறுகாய்ப் புட்டிகள் ஞாபகம் வந்தன.

"ஆமாம்," என்றான்.

பனி கொஞ்சம் விலகியபோது பார்த்தான். மிதவையில் ஹேஸலைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அதன் ஒரு ஓரம் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது, பலர் ஏறி நிற்பதுபோல. மறைப்பின் துணி விலகும், மூடும். அப்போதெல்லாம் மிதவை ஒரு பக்கம் லேசாக எழும், மறுபடி அமிழும். ஹேஸல் தலையைத் தூக்காமல் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "அடுத்தவங்க வாங்க. காலைப் பார்த்து வைங்கம்மா, வழுக்கும்."

மதியத்துக்குமேல் தண்ணீரில் சிவப்பாகச் சிறு வட்டங்கள் மிதந்து வந்தன. வெர்லின் ஒன்றை எடுத்தான். *நான் ஓட்டுப் போட்டேன்.* ஈரத்தில் பசை நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தன.

சாயங்காலம் நகர மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். வெர்லின் ஓரமாக உட்கார்ந்து ஆலையின் வாயில்காப்போனிடம் என்ன சொல்லிச் சேருவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். முதல் மூன்று வார்டுகளும் 'ஆம்'. மேயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாம் வார்டு," என்று படித்தார் வக்கீல். நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். "இல்லைன்னு ஒரே ஒரு ஓட்டு. மத்ததெல்லாம் 'ஆம்'. சீட்டெல்லாம் ஈரமா இருக்கு, ஆனா தெளிவா இருக்கு."

டோரீன் பின்வரிசையில், "அந்த ஒண்ணு யாருன்னு கேக்காதீங்க, ரகசியம்," என்றாள்.

கூடம் அதிர்ந்தது. மேயர் வெர்லினைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். நிரந்தரச் செயலாளர்! வக்கீல் கை குலுக்கினார். யாரோ கேக் வெட்டினார்கள். கடைசித் துண்டை யாரும் எடுக்கவில்லை, வழக்கம்போல. வெர்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி ரொட்டிக் கடை மாடியில் தன் அறை, தன் கட்டில், காய்ந்த தரை.

ஹேஸல் தன் ஃப்ளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் ஸ்வெட்டரின் கைகள் இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்தன. நிறைய பேரோடு கை குலுக்கியிருப்பாள்போல. வெர்லின் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஹேஸல், ஒண்ணுதான் எனக்குப் புரியலை. தங்களோட வார்டை அழிக்கறதுக்கு அவங்களே எதுக்கு 'ஆம்'னு போட்டாங்க? அத்தனை சாப்பாட்டை வேற கொண்டாந்து வச்சாங்க?"

ஹேஸல் சுவரோரம் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வீடு மாத்தறவங்க இருக்கறதை எல்லாம் சமைச்சு அடுப்படியைக் காலி பண்ணத்தானே பார்ப்பாங்க தம்பி, பாத்திரங்களை நீ சுமந்துக்கிட்டு வரவேண்டாமாம், இனிமே எல்லாரும் ஒண்ணாம் வார்டுதானே, நாங்களே மேல வந்து வாங்கிக்கறோம்னு ஐடாம்மா சொல்லிட்டுப் போனாங்க."